காகிதச் சக்கரத்தைச் சுழற்றுவது யார்?

ஐந்து சென்டிமீட்டர் சதுரமாக ஒரு காகிதத்தை வெட்டி, இரண்டு மூலைவிட்டங்களின் வழியாகவும் மடித்து விரித்தால் நடுவில் சிறு கூம்பு எழும்பும். அழிப்பான் ஒன்றில் தையல் ஊசியை நிமிர்த்திக் குத்தி, அதன் முனையில் அந்தக் காகிதத்தைக் குடைபோல் உட்கார வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு கையைக் குவித்துக் காகிதத்தின் பக்கத்தில், அதைத் தொடாமல் வைத்துக்கொண்டு, ‘சுழல்’ என்று மனத்துக்குள் சொல்லுங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் அது சுழலத் தொடங்கிவிடும்.

சுழன்றதும் நெஞ்சு படபடக்கும். எனக்கும் படபடத்தது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. அன்று இரவு சாப்பிடும்போது யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஊரில் எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று பொத்தி வைத்துக்கொண்டேன். மறுநாள் அம்மா ஆறவைத்திருந்த பால் டம்ளரை அதே காகிதத்துக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். பாலும் அதை நன்றாகவே சுழற்றியது.

தொடாமல், ஊதாமல், நூல் கட்டி இழுக்காமல், எண்ணத்தால் மட்டுமே ஒரு பொருளை அசைப்பதற்குச் சைக்கோகைனசிஸ் என்று பெயர். தமிழில் மனோவியக்கம் எனலாம். இப்படி ஒன்று நடக்கிறது என்பதற்கு, எந்த ஆய்வகத்தில் யார் செய்து பார்த்தாலும் அதே விடை வரும்படியான சான்று இதுவரை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனாலும் வீட்டில் இதைப் பயின்று பார்ப்பதை வீண்வேலை என்று நான் ஒதுக்கமாட்டேன். ‘கருவியின் முள் நகர்ந்தது’ என்பது ஒரு செய்தி. ‘என் மனம் அதை நகர்த்தியது’ என்பது முற்றிலும் வேறொரு செய்தி. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போகும் வழியில் எத்தனை பள்ளங்கள் இருக்கின்றன என்பதைச் சமையலறைத் தராசும் காந்த ஊசியும் சொல்லிக்கொடுப்பதுபோல் எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிக்கொடுப்பதில்லை.

சக்கரத்தையே முதலில் பார்ப்போம். சாதாரண ஏ4 தாளில் வெட்டிய அந்தச் சதுரத்தின் எடை 0.2 கிராம்தான். ஊசி முனையில் உராய்வும் அற்பம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனித உடல், ஏறக்குறைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளியே விடுகிறது. உள்ளங்கைத் தோல் பொதுவாக 32, 33 டிகிரி செல்சியஸில் இருக்கும். அறை 25 டிகிரியில் இருந்தால், கையை ஒட்டிய காற்று சூடாகி மேலே ஏறுகிறது; அந்த இடத்தை நிரப்பப் பக்கத்துக் காற்று வருகிறது. பள்ளியில் வெப்பச்சலனம் என்று படித்தோமே, அதுதான். 0.2 கிராம் காகிதத்துக்கு அந்த மெல்லிய ஓட்டமே புயல். கையை மாற்றி வைத்தால் பல சமயம் சுழலும் திசையும் மாறும்.

இங்கே ஒரு சாதாரண அறை வெப்பமானி பெரிய வேலை செய்யும். சுவரில் அதை மாட்டிவிட்டு, நாளுக்கு இருமுறை அறையின் வெப்பநிலையையும், சக்கரம் ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றியது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மார்கழி விடியலில் சக்கரம் துள்ளி ஓடும். கத்திரி வெயில் மதியத்தில், அறையே 35 டிகிரியைத் தொடும்போது, கை அறையைவிடச் சூடாக இருக்காது; சக்கரம் சோம்பிப்போகும். அதே கை, அதே எண்ணம், அதே ஆள். மனத்தின் ஆற்றல் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து ஏறி இறங்குவானேன்?

அடுத்து, ஒரு பெரிய கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்துச் சக்கரத்தை மூடுங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு, இரண்டடி தள்ளி உட்கார்ந்து நினையுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் உடனே ஊருக்குத் தந்தி அடித்துவிடாதீர்கள். ஜாடியைத் துணியால் துடைத்ததில் நிலைமின்சாரம் ஏறியிருக்கலாம். சன்னல் வெயில் ஒரு பக்கத்தைச் சூடாக்கியிருக்கலாம்.

சூடு இப்படித் தராசை ஏமாற்றுவதைக் கண்டு ஒரு புதிய கருவியையே உண்டாக்கிய மனிதரின் கதை இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்தது. லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ், 1861-இல் தாலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தவர். அதன் அணு எடையை மிகத் துல்லியமாகக் கணக்கிட, காற்றை வெளியேற்றிய பெட்டிக்குள் நுட்பமான தராசை வைத்து எடைபோட்டு வந்தார். சூடான பொருளும் குளிர்ந்த பொருளும் அதில் வேறு வேறு எடை காட்டின. எரிச்சலடைய வேண்டிய இடத்தில் அவர் ஆர்வமடைந்தார். அதைத் துரத்திக்கொண்டே போய், 1870-களின் நடுவில் ரேடியோமீட்டரை உருவாக்கினார். கண்ணாடிக் குமிழுக்குள், ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையுமான சிறு தகடுகள் ஊசி முனையில் சுழலும் அந்தப் பொம்மையைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் பட்டால் சுழலும். ஒளியின் அழுத்தம்தான் தள்ளுகிறது என்று குரூக்ஸ் முதலில் நினைத்தார். 1876-இல் ஆர்தர் ஷஸ்டர் என்ற இயற்பியலாளர் அந்தக் குமிழையே தொங்கவிட்டுப் பார்த்தார். தகடுகள் ஒரு பக்கம் சுழல, குமிழ் எதிர்ப்பக்கம் திரும்பியது. தள்ளுவது வெளியிலிருந்து வரும் ஒளி அன்று, குமிழுக்குள் மிச்சமிருக்கும் கொஞ்சம் வாயு என்பது அதில் தெரிந்துபோனது.

இதே குரூக்ஸ்தான் 1871-இல் டேனியல் டங்ளஸ் ஹோம் என்பவரைத் தம் வீட்டுக்கு வரவழைத்து மனோசக்தியை அளக்க முயன்றார். ஆவிகளோடு பேசுபவர் என்று ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்றிருந்தவர் ஹோம். மூன்றடி நீளமுள்ள மகோகனிப் பலகை ஒன்று. ஒரு முனை மேசைமேல், மறுமுனை சுருள்வில் தராசில் தொங்கும். மேசைப் பக்கத்து முனையில் ஹோம் விரல்நுனிகளை வைத்தார். தொலைவிலிருந்த தராசின் முள் இறங்கியது. குரூக்ஸ் இதற்கு ஒரு புதிய விசை காரணம் என்று அறிவித்தார். பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அவருடைய கட்டுரையை ஏற்கவில்லை. தாம் ஆசிரியராக இருந்த இதழிலேயே வெளியிட்டுக்கொண்டார்.

ஒரே ஆள், இரண்டு தராசுகள். வெற்றிடத் தராசைக் குரூக்ஸ் எந்த நேரத்திலும், எத்தனை முறையும், ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சோதிக்க முடிந்தது. மற்றவர்களும் அதைச் செய்து அவருடைய விளக்கத்தையே திருத்த முடிந்தது. மகோகனிப் பலகையோ ஹோமுக்கு நாள் நன்றாக அமைந்தால்தான் அசைந்தது. முதலாவது இன்று இயற்பியல் பாடம். இரண்டாவது இன்னும் கதையாகவே நிற்கிறது.

நம் வீட்டுத் தராசுக்கு வருவோம். சமையலறை டிஜிட்டல் தராசின் தட்டுக்கு அடியில் லோட் செல் எனப்படும் சிறு உலோகக் கட்டை இருக்கிறது. எடை வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும்; வளைவை மின்தடையின் மாற்றமாகப் படித்துத் தராசு எண்ணாகக் காட்டும். இதில் தொடக்கநிலையாளர் அறியாத ஒரு தந்திரம் உண்டு. காலியாக இருக்கும்போது எண் மெல்ல மெல்ல நகர்ந்தால், ‘இது என் கோளாறுதான்’ என்று எண்ணிப் பல தராசுகள் தாமாகவே பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். காலித் தட்டின்மேல் மனத்தால் அழுத்தத் தொடங்கி, விசை படிப்படியாக ஏறினாலும் தராசு அதை விழுங்கிவிடக்கூடும். ஆகவே தட்டில் ஏதாவது ஒரு பொருளை, 200 கிராம் உப்புப் பொட்டலத்தை, வைத்துவிட்டே தொடங்குங்கள். வைத்தவுடன் தொடங்காதீர்கள். எடை ஏறிய லோட் செல் உடனே அடங்காது; சற்று நேரம் எண் தானாக ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த ஊர்தலைத் தம் சாதனையாக எண்ணி மகிழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு கிராமுக்குக் குறைவாக அளக்காத தராசில் பெரும்பாலும் எதுவுமே நடக்காது. பயிற்சி செய்பவர் சலித்துப்போய், 0.01 கிராம் வரை காட்டும் கையடக்கத் தராசை வாங்குவார். அங்கேதான் வேடிக்கை தொடங்கும். மேசையில் முழங்கையை ஊன்றினால் எண் மாறும். குனிந்து மூச்சுவிட்டால் மாறும். தட்டில் தண்ணீர்க் கிண்ணம் இருந்தால் ஆவியாகி எடை குறைந்துகொண்டே போகும். தலையில் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பைக் கொண்டுபோனால் மாறும். தட்டில் வைத்தது கொஞ்சம் சூடாக இருந்தால், அதைச் சுற்றி எழும் காற்று அதை இலேசாகத் தூக்கும். கருவி கூர்மையாகக் கூர்மையாக, உங்கள் மனத்துக்குப் போட்டியாளர்கள் பெருகுகிறார்கள்.

காந்த ஊசிக்கும் அதே கதைதான், ஆனால் இதற்குக் கொஞ்சம் பெருமை அதிகம். சோவியத் காலத்து லெனின்கிராடைச் சேர்ந்த நீனா குலாகினா, 1960-களில் படமாக்கப்பட்ட காட்சிகளில் காந்த ஊசியைத் தொடாமல் சுழற்றினார். தீக்குச்சிகளை மேசையில் நகர்த்தினார். உடையிலோ கையிலோ காந்தமும் மெல்லிய நூலும் மறைத்திருக்கலாம் என்று விமர்சகர்கள் சொன்னார்கள். அதற்கு இடமே இல்லாத சோதனையில் அவர் இதைச் செய்துகாட்டவில்லை. இன்று உங்கள் கைப்பேசிக்குள்ளேயே காந்தப்புலத்தை அளக்கும் உணரி இருக்கிறது. இலவசச் செயலி ஒன்றை இறக்கினால் மைக்ரோடெஸ்லாவில் எண் காட்டும். சென்னை, மதுரைப் பக்கம் பூமியின் புலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. இன்னொரு கைப்பேசியின் ஒலிபெருக்கியையோ காந்தப் பூட்டுள்ள உறையையோ அருகில் கொண்டுபோனால் அது நூற்றுக்கணக்கில் எகிறும். மூளையும் காந்தப்புலத்தை உண்டாக்கத்தான் செய்கிறது. தலைக்கு வெளியே அதன் அளவு பூமியின் புலத்தில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைப் பிடிக்க, தனிக் கவசமிட்ட அறையும் மிக நுட்பமான உணரிகளும் தேவை. ஆகவே காந்த ஊசி திரும்பினால் முதலில் சட்டைப்பையைத் துழாவுங்கள்.

மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: முனைகளை எதிலும் இணைக்காமல் மில்லிவோல்ட் அளவில் வைத்தால் எண்கள் தாமாகவே ஆடும், பக்கத்தில் கை போனால் இன்னும் ஆடும், ஏனென்றால் வீட்டு மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு உங்கள் உடம்பு ஒரு ஆன்டெனா.

ஊசல்தான் எல்லாவற்றிலும் வஞ்சகமானது. நூலில் ஒரு மோதிரத்தைக் கட்டி விரல்களில் பிடித்துக்கொண்டு ‘வட்டமாகச் சுற்று’ என்று நினைத்தால் அது வட்டமிடும். ‘குறுக்கே ஆடு’ என்றால் குறுக்கே ஆடும். பிடித்திருப்பவர் கையை அசைக்கவில்லை என்று சத்தியம் செய்வார், பொய்யும் சொல்லவில்லை. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இதைத் தம் கையிலேயே சோதித்து 1833-இல் எழுதினார். கண்ணைக் கட்டிக்கொண்டபோது அவருடைய ஊசலின் மாயம் போய்விட்டது. எண்ணம், நமக்கே தெரியாத மிகச் சிறு தசை அசைவாக மாறுகிறது. நிலத்தடி நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய் எழுந்து நிற்பதும், கவைக்குச்சி கீழே வளைவதும் இந்த வகைதான். தேங்காய் எழுவதைக் கண்ணால் கண்டவர்களிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், நானும் கண்டிருக்கிறேன்.

1853-இல் இங்கிலாந்தில் ‘மேசை சுழற்றுதல்’ ஒரு பைத்தியம்போல் பரவியிருந்தது. நாலைந்து பேர் மேசையின்மேல் கைவைத்து உட்கார, மேசை நகரும். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே அதைச் சோதித்த விதம் இன்றும் படித்து ரசிக்கத்தக்கது. கைக்கும் மேசைக்கும் நடுவே, இளகிய பசையால் ஒட்டிய அட்டை அடுக்குகளை வைத்தார். மேசை கையை இழுத்துப் போயிருந்தால் அடியட்டை முந்தியிருக்கவேண்டும். பார்த்தால் மேலட்டைதான் முந்தியிருந்தது. கைதான் மேசையைத் தள்ளியிருக்கிறது. பிறகு, கை சற்றே நகர்ந்தாலும் காட்டிக்கொடுக்கும் முள் ஒன்றைப் பொருத்தினார். அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தபோது மேசை நகரவேயில்லை. யாரையும் மோசடிக்காரர் என்று அவர் சொல்லவில்லை. தெரியாமல் தள்ளியவர்களுக்குத் தாங்கள் தள்ளுவதைத் தெரியவைத்தார், அவ்வளவே.

இனிப் பயிற்சி. எந்தக் கருவியானாலும் முதல் மூன்று நாள் எதையும் நினைக்காதீர்கள். கருவியை வைத்துவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போது அது எவ்வளவு அலைகிறது என்று தெரியாதவருக்கு, எது அசாதாரணம் என்றும் தெரியாது. எல்லாரும் தாண்டிக் குதிப்பது இந்த மூன்று நாளைத்தான்.

நான்காம் நாள், இருபது நிமிடங்களைப் பத்து ஜோடிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு நிமிடம் ‘நகர்’ என்று நினைக்கவேண்டும், மற்றது சும்மா இருக்கவேண்டும். எது முதலில் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. நாணயம் சுண்டி முடிவுசெய்யுங்கள். நீங்களே தேர்ந்தெடுத்தால், கருவி ஏற்கெனவே எந்தப் பக்கம் ஊர்கிறது என்று பார்த்து மனம் கள்ளத்தனமாகச் சேர்ந்துகொள்ளும். எண்ணைப் படித்து எழுதுபவர் வேறொருவராக இருப்பது நல்லது. எது நினைக்கும் நிமிடம் என்பது அவருக்குத் தெரியக்கூடாது. இரண்டு நிமிடங்களிலும் கை ஒரே இடத்தில் இருக்கவேண்டும். எத்தனை ஜோடி என்பதைத் தொடங்குமுன்பே எழுதி வையுங்கள். நன்றாகப் போகும்போது நிறுத்துவதும், மோசமாகப் போகும்போது ‘இது ஒத்திகை’ என்று கிழித்துப்போடுவதும் கூடாது.

பத்து ஜோடியிலும் நினைத்த நிமிடமே வென்றால், தற்செயலாக அப்படி வர 1024-இல் ஒரு வாய்ப்புத்தான். எட்டு அல்லது அதற்கு மேல் வருவது பதினெட்டு முறைக்கு ஒருமுறை. ஏழு அல்லது அதற்கு மேல் என்றால், ஆறு முறைக்கு ஒருமுறை தானாகவே வந்துவிடும். தெருவில் ஆறு பேர் இந்தப் பயிற்சியைச் செய்தால் ஒருவர் ஏழு வெற்றியைக் காட்டித் தம்மிடம் ஏதோ இருக்கிறது என்று நம்பிவிடுவார். மற்ற ஐந்து பேர் பேசமாட்டார்கள்.

பகடை உருட்டிப் பார்ப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். 600 முறை உருட்டினால் ஆறு விழுவது சராசரியாக 100 முறை. 82-க்கும் 118-க்கும் இடையில் எது வந்தாலும் அதில் வியப்பில்லை. குழி தோண்டிய பகடையில் ஆறு குழி உள்ள பக்கம் சற்றே எடை குறைந்தது. ஆகவே அந்தப் பக்கம் மேலே வரும் வாய்ப்பு இம்மியளவு கூடுதல். ஆறையே வேண்டிக்கொண்டிருந்தால் பகடை செய்தவரின் புண்ணியம் உங்கள் கணக்கில் சேரும். ஆறுக்கு எத்தனை முறை வேண்டினீர்களோ அத்தனை முறை ஒன்றுக்கும் வேண்டுங்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் 1934-இல் பகடைச் சோதனைகளைத் தொடங்கியதிலிருந்து இது பழைய சங்கடம்.

பெரிய ஆய்வகங்கள் பகடையை விட்டுவிட்டு, நாணயம் சுண்டுவதுபோல் வேலை செய்யும் மின்னணு எந்திரங்களுக்குப் போயின. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறைத் தலைவராக இருந்த ராபர்ட் ஜான் 1979-இல் தொடங்கிய ஆய்வகம் 2007 வரை நடந்தது. சமவாய்ப்பாக ஒன்றும் பூஜ்யமும் உமிழும் எந்திரத்தின் எதிரில் சாதாரண மனிதர்களை உட்காரவைத்து, ‘அதிகமாக வரட்டும்’, ‘குறைவாக வரட்டும்’ என்று நினைக்கச் சொன்னார்கள். மனத்தின் பாதிப்பு தெரிகிறது என்றே அவர்கள் அறிவித்தார்கள். அளவு என்ன தெரியுமா? பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு. பிரின்ஸ்டனும் இரண்டு ஜெர்மன் ஆய்வகங்களும் சேர்ந்து அதை மீண்டும் செய்து 2000-இல் வெளியிட்டபோது, எதிர்பார்த்த பாதிப்பு கிடைக்கவில்லை. இத்தகைய 380 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, எஞ்சும் மிகச் சிறு விலகலுக்கு, வெற்றி பெற்றவை அச்சாவதும் தோற்றவை அலமாரியில் உறங்குவதும் போதுமான காரணமாகலாம் என்றது.

சரி, ஆதரவாளர்களின் எண்ணையே ஏற்றுக்கொள்வோம். பத்தாயிரத்தில் இரண்டு பங்கு விலகலை, தற்செயல் அலைச்சலிலிருந்து ஓரளவாவது பிரித்துக் காண ஏறக்குறைய இரண்டரைக் கோடி முறை நாணயம் சுண்டவேண்டும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை, தூங்காமல் கொள்ளாமல் சுண்டினால் நான்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒருவர் வீட்டில் ஒரு வாரப் பயிற்சியில் காகிதச் சக்கரம் கிறுகிறுவென்று சுற்றியதென்றால், அவர் கண்டது பிரின்ஸ்டனில் அறிவித்த பொருள்கூட அன்று. அது வேறு ஏதோ. அநேகமாகக் கைச்சூடு.

மேடையில் மனத்தால் கரண்டி வளைப்பதாகக் காட்டுபவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் இலங்கையில் அறிவித்தார். அமெரிக்காவில் மாயாஜாலக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் அமைப்பு 10 லட்சம் டாலர் வைத்துக்கொண்டு 2015 வரை காத்திருந்தது. இரண்டு பணமும் யாருக்கும் போகவில்லை.

இந்தப் பத்து ஜோடிச் சோதனையே பழுதானதோ, உண்மையான பாதிப்பு இருந்தாலும் அது காட்டாதோ என்ற சந்தேகம் உங்களுக்கு வரவேண்டும். எனக்கு வந்தது. அதற்குக் கொரோனாக் காலத்தில் வாங்கி அலமாரியில் போட்ட பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்தேன். விரலை அதில் நுழைத்து, ‘நினைக்கும்’ நிமிடத்தில் ஆயிரத்திலிருந்து ஏழு ஏழாக மனத்துக்குள் கழித்துக்கொண்டே போகவேண்டும், உதடுகூட அசையக்கூடாது. சும்மா இருக்கும் நிமிடத்தில் சுவரைப் பார்க்கலாம். நாணயத்தைச் சுண்டியதும், திரையைப் படித்து எழுதியதும் மகள். நாடித்துடிப்பு பத்தில் ஒன்பது முறை கழித்தல் கணக்குப் போட்ட நிமிடத்திலேயே கூடுதலாக இருந்தது. அடுத்த நாள் அதே மேசை, அதே நாணயம், அதே மகள். விரலுக்குப் பதிலாக உப்புப் பொட்டலம், ஆக்சிமீட்டருக்குப் பதிலாகத் தராசு. பத்தில் நான்கு. அதற்கு மறுநாள் ஐந்து.